துடைப்ப அறையின் குட்டி ஈக்கள்

யார் வீட்டுக்குப் போனாலும் பெரியம்மா முதலில் குளியலறைக்குள் நுழைவாள். தண்ணீர் போகும் துவாரத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வந்து உட்காருவாள். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காரணம் கேட்கத் தோன்றியது கல்லூரி முடித்த பிறகுதான்.

அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தளத்தைத் துடைத்துவந்தாள். பெரியப்பா படுத்த படுக்கையான பிறகு அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஒருநாள் காலை ஆபரேஷன் அறைச் சுவரில் கடுகளவு ஈ ஒன்று, பறக்காமல் நின்று நின்று ஓடியது. அழுகலில் பிறக்கிற ஈ.

"இன்ஸ்பெக்‌ஷனுக்குள்ள இது ஒழியலேன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்மா," என்றார் சூப்பர்வைசர்.

அது எந்தச் சாக்கடைத் துவாரத்திலிருந்து வருகிறது என்று பெரியம்மா தேடத் தொடங்கினாள். கிளம்பும்போது ஒவ்வொரு துவாரத்தின் மேலும், ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி டேப்பை ஒட்டிவைப்பாள். காலையில் வந்ததும் எதில் ஈ சிக்கியிருக்கிறது என்று பார்ப்பாள். எதிலும் இருக்காது. சுவரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நோயாளிகளுக்குப் பால் காய்ச்சி, பழம் நறுக்கித் தரும் கூட்டாளியை எல்லோரும் சிரிப்பக்கா என்பார்கள். அவள் சீண்டினாள்: "என்னடி, ஈக்கெல்லாம் பத்திரிகை வச்சியா? சொந்தபந்தத்தோட வருதே!"

சுருக்கென்றது. சூப்பர்வைசர் மறுபடி முறைத்தபோது பெரியம்மாவின் வாய் முந்திக்கொண்டது: "அவ பால் ரூம் தொட்டியப் பாருங்க சார். பழத்தோலு அங்கயேதான் கெடக்கு."

தோல் கிடந்தது உண்மை. சிரிப்பக்காவைத் துணி வெளுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நீராவியில் நிற்கிற வேலை, அவளுக்கோ இளைப்பு.

ஈ போகவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கும்போதுதான், துடைப்பம் வைக்கும் தன் அறையில், கதவுக்குப் பின்னால் இருந்த துவாரம் பெரியம்மாவுக்கு நினைவு வந்தது. டேப் ஒட்டாத ஒரே இடம். சொட்டு நீர் தங்காமல் அந்த அறையை அவள் காயவைத்திருந்தாள். அதனால் குழாயின் வளைவில் நிற்கவேண்டிய நீரும் வற்றி, சாக்கடைக்கு வழி திறந்துகிடந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். மிச்ச ஈக்களை ஈரத்துணியால் அடித்தாள். வேலை தப்பியது.

"அப்பவே சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கலாமே பெரியம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா என்னையில்ல அனுப்புவான்? உங்க பெரியப்பாவுக்கு மருந்து?"

"சிரிப்பக்காகிட்டயாவது?"

"அவ இருமிக்கிட்டே வந்து, 'உன் வேலை பொழைச்சுதாடி'ன்னு சிரிச்சா. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

பெரியம்மா போன வருஷம் போய்ச்சேர்ந்தாள், அந்த ஒரு வார்த்தையைக் கடன் வைத்துவிட்டு. சிரிப்பக்கா இன்னும் கிடங்கில்தான் இருக்கிறாள்.