அச்சடித்திருந்த இருநூற்று முப்பது

தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் கம்பெனி டைப்பிஸ்ட் மூச்சு வாங்க வந்து, "இருதயராஜ் சார் விடியக்காலைல போயிட்டாரு, நெஞ்சு வலியாம்" என்றார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மாலையில் கல்லறைத் தோட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். அந்த ஒரு தப்பைத் தவிர தங்கமான மனுஷன் என்று ஒருவர் சொல்ல, இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். அந்த ஒரு தப்பு அவருடையது இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் புகழ எனக்கு அருகதை கிடையாது.

குரோம்பேட்டைப் பக்கம் ஹீட்டர் செய்யும் எங்கள் சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் ஒருவரையொருவர் சார் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். வேலை என்னவோ எளிதுதான். ஹீட்டர் காயிலுக்குக் கரண்ட் கொடுத்து, ஒரு மீட்டரில் வோல்ட்டையும் இன்னொன்றில் ஆம்பியரையும் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் தடை, இத்தனை ஓம். இரண்டையும் பெருக்கினால் அது இழுக்கும் சக்தி, இத்தனை வாட். நான் அளந்து அட்டையில் எழுதுவேன். அவர் சரிபார்த்துக் கீழே கையெழுத்துப் போடுவார்.

நேரம் மிச்சமாகட்டும் என்று ஆபீஸில் அட்டையின் வோல்ட் கட்டத்தில் 230 என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். இருதயராஜுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒவ்வொரு அட்டையிலும் அதை அடித்துவிட்டு, மீட்டர் காட்டுவதை எழுதச் சொல்வார். நம் பக்கத்தில் அப்போது வோல்ட்டேஜ் இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் பல்புகள் அழுது வடியும். "பல்புல எழுதியிருக்கிறது அது பொறந்த ஊர்க் கணக்கு சார். நம்மூர்ல எவ்வளவுன்னு நாமதான் அளந்து பாக்கணும்" என்பார். உங்கள் வீட்டில் சோற்றைக்கூட மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் இறக்குவார்களா என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

பெருங்களத்தூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் மரப்பெட்டிக்கு இருநூறு வாட் காயில் கேட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை மேசையில் வைத்து அளந்தேன். ஆம்பியர் 0.9. ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இன்னொரு மீட்டரின் பக்கம் நான் திரும்பவே இல்லை. அச்சடித்திருந்த 230ஐ 0.9ஆல் பெருக்கி, 207 வாட் என்று எழுதி நீட்டினேன். பேனாவைத் திறந்த இருதயராஜ் கையை நிறுத்தினார்.

"230ஐ அடிக்கலையே. மீட்டரைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் சார். இன்னிக்கு அதிசயமா 230லயே நிக்குது."

அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். நான் ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன்.

காயில் போய்ச் சேர்ந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பட்டறைகள் எல்லாம் மூடிக் கிடந்ததால் வோல்ட்டேஜ் 240க்கு ஏறிவிட்டது. பெட்டிப் பலகை கருகிப் புகைய, நர்ஸ் வெறும் கையை உள்ளே விட்டுக் குழந்தையைத் தூக்கியிருக்கிறார். குழந்தை பிழைத்தது. நர்ஸின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

மறுநாள் மானேஜர் அந்தக் காயிலைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். இருதயராஜ் இரண்டு மீட்டரையும் பார்த்து அளந்தார். காயிலின் தடை 200 ஓம். 240 வோல்ட்டில் அது 1.2 ஆம்பியர் இழுக்கும். 288 வாட். இருநூறு கேட்டவர்களுக்கு நாங்கள் அனுப்பியது அது. பிறகு பழைய அட்டையை எடுத்து, நான் எழுதியிருந்த 0.9ஐ 200ஆல் பெருக்கினார். 180 வந்தது. அன்று சாயங்காலம் மேசைக்கு வந்துகொண்டிருந்தது 180 வோல்ட்தான். நான் சொன்னது பொய் என்பது அவர் கையாலேயே காகிதத்தில் வந்துவிட்டது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கீழ இருக்கிற கையெழுத்து என்னுது. பாக்காம போட்டது என் தப்பு" என்று மானேஜரிடம் சொன்னார்.

நான் இன்னும் நிரந்தரமாகவில்லை, தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் பயம் அதைவிடப் பெரிய உண்மை. அவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாகும்வரை எட்டு வருஷம் அங்கே ஆணியும் திருகாணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். அச்சடித்த 230ஐ அடிக்காமல் ஓர் அட்டையைக்கூட நான் விட்டதில்லை. அதில் என்ன பெருமை?

ஒருமுறை மனசு தாங்காமல் ஸ்டோருக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஆரம்பிப்பதற்குள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "எனக்குத் தெரிஞ்சதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? சொல்ல வேண்டிய இடம் வேற சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். அந்த இடத்துக்கு நான் போகவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல அவர்தான் முதலில் வணக்கம் சொன்னார்.

இதுவரை எழுதியதைப் போன வாரம் பொழிச்சலூருக்கு எடுத்துப்போய் அவர் மனைவியிடம் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அந்த அம்மா, நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

"எட்டு வருஷமா நான் அவரைத்தானே திட்டினேன்" என்றார்.

உங்களிடம் அவருடைய போட்டோ இருக்கும், அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சுகள் இருக்கும். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த எட்டு வருஷம்.