திறக்காமல் வெளியேறிய வரி

கம்ப்யூட்டரில் கோப்புகள் இருக்கும் டைரக்டரியைப் படிக்கும் நிரல் மூன்று நாளாக நடுவில் உறைந்துபோய் ஸ்ரீவித்யாவின் உயிரை வாங்கியது. படிக்கும்முன் வேறெதுவும் குறுக்கிடாதபடி பூட்டுப் போடும் அது, பிழை வந்தால் மட்டும் பூட்டைத் திறக்காமலே வெளியேறிவிடும்; அடுத்த முறை படிக்க வரும்போது அந்தப் பூட்டிலேயே மாட்டி நின்றுவிடும்.

“பத்ரி சார் எழுதினதுதானே அக்கா? அவர் பேரைப் போட்டுடுங்க. சண்டைக்கா வரப்போறார்?” என்றான் கூட வேலை பார்க்கும் ஹரீஷ்.

திருத்தம் அனுப்பும்போது தப்பு யாருடையது என்றும் எழுதியாக வேண்டும். ஒன்பது வருஷம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்துவிட்டு, போன மாசம் இறந்துபோனவர் பத்ரிநாத். அவர் பேர் கடைசியாக ஒரு தப்பிலா வரவேண்டும்?

வீட்டுக்குப் போகும் வாகட் பஸ்ஸை விட்டுவிட்டு, நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். திறக்காமல் வெளியேறும் அந்த வரி, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவளே அவசரத்தில் சேர்த்தது.

தன் பேரை எழுதி அனுப்பிவிட்டு, மேசையிலேயே தலைசாய்த்துக்கொண்டாள்.