வீப்கே ஒட்டிய அறிவிப்பு

வீப்கே லோரன்சனின் வலைத்தளத்தைப் பார்த்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அடிக்கோடிட்ட நீல இணைப்புகள், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியும் அவளே கையால் தட்டி ஏற்றியது. ஜெர்மனியின் வடகோடியில் அவள் ஊரான பிளென்ஸ்பர்க்கின் மழை, தோட்டத்து உருளைக்கிழங்கு, பேரிக்காயும் பீன்ஸும் பன்றிக்கறியும் சேர்த்து வேகவைக்கும் பக்குவம், இதெல்லாம்தான் சரக்கு. வருகிறவர்களைப் பின்தொடரும் குக்கீ கிடையாது, விளம்பரம் கிடையாது. வந்துபோகிறவர்களைப் பற்றி சர்வரில் எதுவும் பதியாதபடி அமைத்திருந்தாள்.

காரணம் அவள் மகன் மால்டே. பதினேழு வயதில் அவன் கைபேசியில் ரகசியமாக ஒரு செயலியைப் போட்டு, எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான் என்று வேவு பார்த்தவள் இவள். பெற்றவள் செய்கிற காரியமா அது? கண்டுபிடித்தவன் பதினெட்டு முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டான். இப்போது கனடாவில், ஹாலிபாக்ஸில் இருக்கிறான். ஆறு வருடமாகப் பேச்சில்லை. தளத்தின் முகவரியை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டு, மூன்று வருடமாகத் தினம் ஒரு பத்தி எழுதினாள். அவன் படிக்கிறானா இல்லையா என்று தெரியாததுதான் அவளைப் போட்டு அரித்தது.

“சுவத்தோட பேசிட்டிருக்கியே, சலிக்கலையா உனக்கு?” என்றாள் பக்கத்துத் தோட்டத்து கெசினே. “ஒரே ஒரு வாரம், வர்றவங்க விவரம் சர்வர்ல பதியற மாதிரி பதிவத் திறந்து வை. எந்த ஊர்லேந்து வர்றாங்கன்னு தெரிஞ்சிடும்.”

“வேவு பாக்க மாட்டேன்னு முகப்புலயே எழுதி வச்சிருக்கேன்டி.”

“அவனுக்கு எப்படித் தெரியப் போகுது? நீயா போய்ச் சொன்னாத்தான் உண்டு.”

“சொல்லாம செய்ய என்னால ஆகாது. ஒரு தடவ செஞ்சு பட்டது போதும்.”

கடைசியில் மனசு கேட்கவில்லை, இணங்கினாள். ஆனால் நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் அறிவிப்பு ஒட்டியே பழகின கை சும்மா இருக்குமா? பதிவைத் திறக்கும் முன் முகப்பில் சிவப்பில் ஓர் இணைப்பு வைத்தாள். தனிப்பக்கத்தில், தேதி போட்டு, ‘இன்று முதல் ஒரு வாரம், வருபவர்களின் இணைய முகவரி பதிவு செய்யப்படும்’ என்று எழுதினாள். திருடப் போகிறவள் தெருவெல்லாம் தண்டோரா போட்ட மாதிரிதான். இந்த ஊர்க்காரிகளை என்ன சொல்லித் திருத்துவது!

வாரம் முடிந்ததும் இருவரும் பட்டியலைத் திறந்தார்கள். முக்கால்வாசி தேடுபொறிகளின் தானியங்கிகள். முதல் நாள் மட்டும் ஹாலிபாக்ஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முதலில் முகப்பு, அடுத்த நிமிடம் அந்த அறிவிப்பு. மற்ற ஆறு நாளும் அந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

“வந்திருக்கான் பாரு,” கெசினே அவள் தோளைத் தட்டினாள். “இத்தன நாளும் படிச்சிட்டுத்தான் இருந்திருக்கான்.”

“இருந்தான்,” என்றாள் வீப்கே.

அறிவிப்பை நீக்கினாள், பதிவை மூடினாள். இனி அவன் திரும்பி வந்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை.