தம்பி குடித்த சோப்பு

எங்கள் வீட்டில் சோப்பு காய்ச்சுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும். இரண்டு அடுப்பிலும் அம்மாவின் பெரிய பாத்திரங்கள் உட்கார்ந்திருக்கும். முந்தின நாளே ஊறவைத்த பூந்திக்கொட்டையும் சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் வாட்ச்மேன் பறித்துத் தருகிற வேப்பிலையும் சேர்ந்து கொதிக்க, ஏழாவது மாடி முழுக்கக் கஷாய வாடை அடிக்கும். பூனாவின் கராடியில் அப்பா வேலை பார்த்த ஐ.டி. பார்க்குக்குப் பக்கத்திலேயே எங்கள் குடியிருப்பு. இந்த வாடைக்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸுக்கு ஓடுகிறார் என்று அம்மா அவரைக் கிண்டல் செய்வாள்.

எல்லாம் தம்பியால் ஆரம்பித்தது. கடையில் வாங்கிய எந்தச் சோப்பைப் போட்டாலும் அவன் தோல் சிவந்து தடித்துவிடும். அம்மா கேம்ப் கடைத்தெருவுக்குப் போய், அங்கே ரீட்டா என்ற பெயரில் விற்கும் பூந்திக்கொட்டையை வாங்கிவந்து காய்ச்சி வடிகட்டி அவனைக் குளிப்பாட்டினாள். தோல் சரியானது. அதே தண்ணீரில் பாத்திரம் துலக்கினாள், தரை துடைத்தாள். எதிர் வீட்டுக் காக்கூ ஒரு பாட்டில் கேட்டார். காக்கூ என்றால் மராத்தியில் சித்தி மாதிரி. அவர் சொல்லி மற்ற வீடுகளும் கேட்க, ஆறு மாதத்தில் அம்மா ஒரு சின்ன வியாபாரியாகிவிட்டாள்.

அதுவரை அவளை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. ஈரோட்டில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள், பூனாவில் இந்தி சரியாக வராமல் லிஃப்டில்கூடத் தலையைக் குனிந்தபடி நிற்பாள். இப்போது எல்லோரும் அவளை ‘ரீட்டாவாலி பாபி’, பூந்திக்கொட்டை அண்ணி, என்று கூப்பிட்டார்கள். அம்மா நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாட்டிலில் லேபிள் எழுதி ஒட்டுவது என் வேலை. எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு தடுமாறும், அந்த லேபிள் தடுமாறாது.

வாங்க வருகிறவர்களிடம் அம்மா ஒரு வித்தை காட்டுவாள். பாட்டிலைத் திறந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, அரைகுறை இந்தியில், “பச்சா பீ லே, தோ பீ குச் நஹீ ஹோகா” என்பாள். குழந்தையே குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பூந்திக்கொட்டையைக் காயவைக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் தம்பியும், விளையாட வந்திருந்த காக்கூவின் மகளும்தான். அவள் என் வகுப்பு. சமையலறை ஓரத்தில் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்து, சோப்பைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், அவளுடைய அம்மா அப்படித்தான் வைப்பார் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மா காய்ச்சியதைப் போய் விஷம் மாதிரிப் பேசுகிறாளே! நான் லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்றைத் திறந்து, மூடியில் ஊற்றி, இரண்டரை வயதுத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, மருந்து புகட்டுவது போல வாயில் விட்டேன். அவன் துப்பப் பார்த்தான். மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தேன். நம்பாமல் பார்த்தவளுக்காக இன்னொரு மூடியும் ஊற்றினேன்.

தம்பி வீறிட்டான். அவள் தன் வீட்டுக்கு ஓடிவிட்டாள். வாயைக் கழுவினால் சரியாகிவிடும் என்று தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க நுரை பொங்கியது. உதட்டில், மூக்கில், கழுத்தில், எங்கும் நுரை. என் கவுனால் துடைத்தேன். மறுபடியும் வந்தது. பிறகு அவன் வாந்தி எடுத்தான், அதுவும் நுரை. இரும இரும முகம் கருஞ்சிவப்பானது. திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டான். அழுதபோதுகூட அவ்வளவு பயமாக இல்லை. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. தம்பி செத்துப்போகப் போகிறான், நான்தான் கொன்றேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தும், அம்மா உள்ளே வந்து என்ன ஆச்சு என்று கேட்டதும், பிஸ்கட் சாப்பிட்டான் என்று சொன்னேன்.

அம்மா அவன் வாயை முகர்ந்தாள். வரிசையில் திறந்து கிடந்த பாட்டிலைப் பார்த்தாள்.

“இதுல இருந்தா குடுத்த? எத்தன மூடி குடுத்த சாமி? அடிக்க மாட்டேன், சொல்லு.”

இரண்டு விரலைக் காட்டினேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அதற்குள் மகள் சொல்லிக் காக்கூ கார் சாவியோடு வாசலில் நின்றார். அப்பா போனை எடுக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் இறங்கினோம். அம்மா தம்பியை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் ஓரத்தில் ஒடுங்கி, போலீஸ் எட்டு வயதுப் பிள்ளைகளைப் பிடிக்குமா என்று யோசித்தேன். அந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தம்பிக்காக மட்டும் நான் பயப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மேஜையில் உட்காரவைத்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடியே, சோப்பில் என்னென்ன இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். அம்மா தம்பியின் சட்டையை இழுத்துவிட்டாள். எனக்குத்தான் லேபிள் மனப்பாடமாயிற்றே. ரீட்டா, ஷிகாகாய், நீம், நிம்பு, வேறு ஒன்றும் இல்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

“சும்மா இரு கண்ணு” என்றாள் அம்மா.

பிறகு டாக்டரைப் பார்த்து, உடைந்த இந்தியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துச் சொன்னாள். செடிச் சாறு மட்டும் இல்லை. நுரை போதவில்லை என்று எல்லோரும் குறை சொன்னதால், கேம்பில் கேனில் விற்கிற நுரைக்கிற ரசாயனம் ஒன்றைக் கலந்திருக்கிறாள். எவ்வளவு கலந்தாள் என்பதையும் சொன்னாள். நாங்கள் வீட்டில் பயன்படுத்துவதில் அது இல்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லை, விற்பதில் மட்டும்தான் என்றாள். காக்கூ பக்கத்திலேயே நின்றிருந்தார். கையிலிருந்த கார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம்வரை எங்களை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். நுரை மூச்சுக்குழாயில் போகவில்லை, பிழைத்தான் என்றார் டாக்டர். தம்பி நர்ஸின் பேனாவைப் பிடுங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.  அடுத்த வாரத்துக்குள் பாதி காலியான பாட்டில்கள் ஒவ்வொன்றாக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு அம்மா எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான் காய்ச்சினாள். லிஃப்டில் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கேன் நிஜம்தான் என்பது எனக்குக் கல்லூரி நாட்களில்தான் தெரிந்தது. ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மாவே சொன்னாள். நான் பள்ளிக்குப் போன பிறகு கலந்துவிட்டு, கேனைப் பால்கனிப் பரணில் வைத்துவிடுவாளாம். அப்பாவுக்குக்கூடத் தெரியாதாம். அந்த டாக்டர் அறையில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என் ஒப்பித்தலை எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் புரிந்துகொண்டது வேறு. காய்ச்சும்போதெல்லாம் கூடவே இருந்தவள் நான், கேனை எங்கே பார்த்தேன்? என்மேல் பழி விழக்கூடாது என்று அம்மா டாக்டரிடம் ஒரு பொய்யை ஜோடித்துச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து, தம்பி தூங்கியதும், அவள் காதருகே போய்ச் சொன்னேன்.

“அம்மா, நீ டாக்டர்கிட்ட பொய் சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

 அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் அசையாமல் படுத்துக்கிடந்தேன்.