பன்னிரண்டுக்குப் பிறகு பதினொன்று

பழுப்புக் காகித உறைக்குள் இரண்டு குறுந்தட்டுகள் இருந்தன. மேலே தலைப்பு இல்லை, தொலைக்காட்சி நிலையத்தின் முத்திரை இல்லை. ஒன்றில் நீல மையில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் எழுதி, எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. அண்ணி திருமணத்துக்கு முன் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் எழுதும் எண்ணை யாரும் வேறொன்றாகப் படித்துவிட முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கண் பரிசோதனைக்காக லாயாங் லாயாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்தவர், ரயில் நிலையத்தில் வைத்து அதை என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது உறையின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தம்பி, பாத்துட்டு ஒடச்சிப் போட்டுடணும். ஒங்க அண்ணனுக்கே தெரியாது," என்றார்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் ஜொகூர் அலுவலகத்தில் இருந்தேன். பல ஆண்டுகள் சாலை விபத்து, மாஜிஸ்திரேட் நீதிமன்றம், வெள்ளம் என்று ஓடிய பிறகு, ஞாயிறு பதிப்பில் தொலைக்காட்சி விமர்சனம் எழுத ஒரு பத்தி கிடைத்திருந்தது. அதையும் நான் விபத்துச் செய்தி எழுதுவதைப் போலத்தான் எழுதினேன். பிடித்தது, பிடிக்காதது என்று சொல்வதற்கு முன்னால் திரையில் என்ன நடந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. இன்றும் அதுதான். ஒரே ஒரு சிக்கல், எங்கள் ஞாயிறு பதிப்பின் இணைப்புப் பக்கங்கள் வெள்ளிக்கிழமையே அச்சாகிவிடும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்பாகும் தொடரைப் பற்றி மறுநாள் காலையில் எழுத எங்களால் முடியாது. ஆங்கில நாளிதழ்களுக்கு நிலையம் முன்கூட்டியே பிரதி கொடுத்தது. எங்களுக்குக் கொடுப்பதில்லை. என் விமர்சனம் எப்போதும் ஒரு வாரம் பிந்தியே வந்தது.

அந்த ஆண்டு வாசகர்கள் எல்லோரும் ஒரு சூப்பர் ஹீரோ தொடரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத் தொடர், அடியில் தமிழ் வரிகள் ஓடும். துறைமுக நகரத்தில் வாழும் ஒரு பெண் கத்தினால், நகர்வது எதுவும் நின்றுவிடும். தறிகெட்டு ஓடும் ரயில், துப்பாக்கிக் குண்டு, மலையிலிருந்து உருளும் பாறை. ஆனால் ஒவ்வொரு முறை கத்தும்போதும் அவளுடைய குரல் கொஞ்சம் தேய்ந்துவிடும். அந்தப் பருவத்தின் பத்து அத்தியாயங்களில் அவள் எத்தனை முறை கத்தினாள் என்பதை நான் என் குறிப்பேட்டில் எண்ணி வைத்திருந்தேன். பதினொன்றும் பன்னிரண்டும் அடுத்தடுத்து ஒரே சனிக்கிழமையில் வரப்போகின்றன என்று அறிவித்தபோது, இந்த ஒருமுறையாவது மறுநாள் காலையிலேயே என் விமர்சனம் வர வேண்டும் என்று தோன்றியது. அந்தத் தமிழ் வரிகளை எழுதுபவர் என் அண்ணி. நான்தான் கேட்டேன். மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை கேட்டதும் நான்தான்.

அண்ணிக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தினமும் காலையில் அண்ணன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கணினியை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். ஒரு வரியில் இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் நிற்கக் கூடாது. அந்தக் கட்டத்துக்குள் ஒரு திருடன் திருடனாகவும் ஒரு தாய் தாயாகவும் பேச வேண்டும். அவர் எழுதிய வரிகளைப் படிக்கும்போது மொழிபெயர்ப்பைப் படிக்கிறோம் என்ற உணர்வே வராது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒளிபரப்புக்கு முன் பிரதியை வெளியாள் யாருக்காவது காட்டினால் அன்றோடு வேலை போய்விடும். தமிழில் அந்த வேலையைக் கொடுக்க வேறு நிலையமும் இல்லை.

புதன்கிழமை மாலை, அலுவலகத்தில் ஆளில்லாத நேரத்தில் பார்த்தேன். வேலைப் பிரதிகள் என்பதால் தலைப்பு கிடையாது, அத்தியாய எண் கிடையாது, மேல் மூலையில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் குறுந்தட்டில் அணை உடைகிறது. அவள் கடைசியாக ஒருமுறை கத்துகிறாள். சரிந்த தண்ணீர் அப்படியே சுவர் மாதிரி நிற்கிறது. ஊர் பிழைக்கிறது. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு சொல் இல்லை. தம்பியின் கார் பட்டறையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, அவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையின் அடியில் வெறுமை. இரண்டாவது குறுந்தட்டு ஒரு சமையலறையில் தொடங்குகிறது. அவள் மீன் பொரித்துக்கொண்டே தம்பியிடம் பேசுகிறாள், பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். பழைய கதைகள், பக்கத்து வீட்டுப் புறணி, நடுவில் சுருதி சேராமல் ஒரு பாட்டு. எண்ணெய் தெறித்து அவன் துள்ளும்போது சிரிக்கிறாள். தூரத்தில் அபாயச் சங்கொலி. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போகிறாள். கதவு ஆடிக்கொண்டிருக்கிறது. முடிந்தது.

நான் சில நிமிடங்கள் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரே அமர்வில் எழுதினேன். சண்டையில் முடியாத முதல் சூப்பர் ஹீரோ தொடர் இது என்றேன். குரலை இழந்தவளைக் காட்டிய பிறகு, காலத்தைப் பின்னால் திருப்பி, அந்தக் குரலை நாற்பது நிமிடம் நம் காதில் விட்டுவிட்டுப் போகிறார்கள், எதை இழந்தோம் என்று இழந்த பிறகுதான் சொல்கிறார்கள் என்றேன். நான் எழுதியவற்றிலேயே நல்ல விமர்சனம் அது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. வியாழக்கிழமை பக்கம் முடிந்தது. சொன்ன சொல் காப்பாற்ற இரண்டு குறுந்தட்டுகளையும் உடைத்துப் போட்டேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, வாசகர்களோடு சேர்ந்து நானும் பார்க்கலாம் என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். திரையில் சமையலறை வந்தது. மீன் வந்தது. எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணி, இப்ப ஓடுறது பதினொண்ணா, பன்னெண்டா?"

"பதினொண்ணு. ஏன் தம்பி, டிவில ஏதும் கோளாறா?"

"நீங்க இதுல ரெண்டுன்னு போட்டிருந்தீங்க."

"ஆமா, ரெண்டாவதா செஞ்சது. நான் எப்பவும் கடைசிய மொதல்ல செஞ்சிட்டுத்தானே மத்தத செய்வேன். கடைசியில என்னா வருதுன்னு தெரியாம முன்னாடி உள்ளத எப்படி எழுதுறது? தீபாவளி அன்னிக்கு ஒங்ககிட்ட சொன்னேனே. நீங்ககூட தலய ஆட்டுனீங்க."

ஆட்டியிருப்பேன். தட்டில் ஆட்டிறைச்சி இருந்திருக்கும். "நான் மாத்திப் பாத்துட்டேன் அண்ணி," என்றேன்.

"எழுதிட்டீங்களா?"

"அச்சாயிருச்சு. வேன்ல ஏத்திட்டாங்க."

"அலமாக்," என்றார், மலாயில் ஐயோ என்பது போல. அந்தப் பக்கம் அவருடைய தொலைக்காட்சியில் அந்தப் பெண் பாடுவது கேட்டது. பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னார்: "கடைசிய மொதல்ல அனுப்புங்கன்னு கேட்டு வாங்குற ஆளு அந்த நெலையத்துல நான் ஒருத்திதான் தம்பி. படிச்ச ஒடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி ஓயவில்லை. பண்டார் தெங்காராவிலிருந்து ஓர் அம்மாள், "ஏன் தம்பி, டிவிய தலகீழா மாட்டி வச்சிப் பாத்தீங்களா?" என்றார். ஆயர் ஈத்தாமிலிருந்து பேசியவருக்குச் சந்தேகம் வேறு விதம். "நான் பாத்தப்ப அந்தப் பொண்ணு கடைசியில ஊமையாயிட்டா. ஒங்க வீட்ல மட்டும் பேசுனாளா? வேற சேனலா லா?" இருவருக்கும் சரியான பதில் என்னிடம் இருந்தது. சொல்ல முடியாத பதில். மதியம் காரை எடுத்துக்கொண்டு லாயாங் லாயாங்குக்குப் போனேன்.

சாப்பாட்டு மேசையில் கணினி மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், நிலையத்துக்கு எழுதிய கடிதம். மலாயில், தோட்ட அலுவலகப் பாணியில், பணிவாக ஆரம்பித்து மூன்றாவது வரியிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தது. அண்ணன் ஞாயிறு முறை வேலைக்குப் போயிருந்தார். அண்ணி எனக்குப் பால் சேர்க்காத தே ஓ கலந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கிக் காலையில நானே அனுப்பிடுறேன். அவங்க கேட்டு மாட்டிக்கிறதவிட, சொல்லிட்டுப் போறது மேல். நம்பர் போட்டது நான்தானே."

"நம்பர் போட்டதுல தப்பே இல்ல. கேக்காம நம்புனது நான். கெஞ்சி வாங்குனதும் நான்."

"அதச் சொன்னா வேல திரும்ப வருமா?"

"போகாம பாத்துக்கலாம். நான் அத்தியாயத்தப் பாக்கவே இல்லன்னு சொல்லிடுறேன். இணையத்துல யாரோ கண்டபடி எழுதுனத வச்சு ஒட்டுப் போட்டேன், அதான் வரிச தப்பிப் போச்சுன்னு."

"ஒங்களுக்குப் பொய் எழுத வராது தம்பி."

"எழுதுனதில்ல. வராதுன்னு இல்ல."

"ஒங்க பத்திய எடுத்துடுவாங்க."

"என்னையத் திரும்ப விபத்துக்கு அனுப்புவாங்க. எனக்கு ரோட்டுல எங்க நிக்கணும்னு தெரியும். இத விட்டா நீங்க எங்க போவீங்க?"

அண்ணி கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துக் கணினிக்கு அடியில் வைத்தார். "நாளைக்கி மதியம் வரைக்கும் பாக்குறேன்," என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நிலையத்திலிருந்து அழைத்திருந்தார்கள். உங்கள் ஆள் ஒளிபரப்புக்கு முன் எப்படிப் பார்த்தார் என்று கேட்டிருந்தார்கள். ஆசிரியர் நேராகவே கேட்டார்: "பாத்தியா, பாக்கலியா?"

"பாக்கல சார். இணையத்துல வந்தத வச்சு எழுதுனேன்."

மேசைமேல் என் விமர்சனம் இருந்தது. அவர் அதில் ஒரு வரியில் விரலை வைத்தார். "பாக்காமயா எண்ணெ தெறிச்சு தம்பிக்காரன் துள்ளுனத எழுதுன?"

"அதையும் யாரோ போட்டிருந்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் அண்ணி என்ன வேலை செய்கிறார் என்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி. திருத்தத்த நீயே எழுது. மூணு வரி. அடுத்த வாரத்துலேருந்து அந்த எடத்துல சமையல் குறிப்பு போட்டுக்குறேன்," என்றார். அப்போதே, என் முன்னாலேயே, நிலையத்துக்கு அழைத்து, எங்கள் ஆள் எதையும் பார்க்கவில்லை, பார்த்தது போல எழுதிவிட்டான், நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று சொன்னார். நான் வெளியே வந்து அண்ணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன்: கடிதம் வேண்டாம்.

திருத்தத்தை எழுத ஒரு மணி நேரம் ஆனது. ஆறு பேர் இறந்த விபத்தைக்கூட அதைவிட வேகமாக எழுதியிருக்கிறேன். 'கடந்த வாரம் இப்பகுதியில் வெளியான விமர்சனம், தொடரின் இறுதி இரண்டு அத்தியாயங்களைப் பார்க்காமலேயே எழுதப்பட்டது. அதில் கூறப்பட்ட முடிவு தவறானது. வாசகர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.' என் பெயரில் அச்சான பொய் அது ஒன்றுதான். அதற்காக நான் வருந்தியதில்லை. அடுத்த பல ஆண்டுகள் நெடுஞ்சாலையிலும் நீதிமன்றத்திலும் நின்று செய்தி எழுதினேன், நன்றாகவே எழுதினேன். அண்ணி அந்த நிலையம் இருக்கும்வரை அங்கேயே வேலை செய்தார். இப்போது அந்த நிலையம் இல்லை. அவர் வெளிநாட்டுத் தளங்களுக்கு எழுதுகிறார், இன்னும் கடைசியைத்தான் முதலில். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

திருத்தம் வெளியான ஞாயிறன்று மாலையில் அவரே அழைத்தார்.

"படிச்சேன் தம்பி."

"ம்."

"அத இல்ல. மொதல்ல எழுதுனீங்களே, அத. வெட்டி எடுத்து வச்சிருக்கேன்."

"அதுதான் தப்புன்னு ஆயிடுச்சே அண்ணி."

"யாருக்குத் தப்பு? நானும் அந்த வரிசையிலதானே பாத்தேன். மொத வாரம் அவ வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தா, எனக்கு வேலயே இல்ல. அடுத்த வாரம் பூரா இந்த மேசையில அவ பேசிக்கிட்டே இருந்தா. எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. கடைசி வரிய முடிச்சிட்டு அடுப்படியில போயி நின்னுட்டேன். எனக்கும் அதான் முடிவு. இத யார்கிட்டப் போயி சொல்றதுன்னு இருந்தேன்."

அந்தப் பக்கம் செய்தித்தாளை விரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆனா மூணாவது பாராவுல நீங்க சொல்றது எனக்குச் சரியாப் படல," என்று அண்ணி ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.