கேன் கனமா இருக்கும்மா

கீழ்பென்னாத்தூரில் அண்ணன் நிலத்துக் கிணற்றில் என் பத்து வயது மகள் நீச்சல் பழகினாள். எங்கள் பக்கத்தில் காலி பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டித்தான் பழக்குவார்கள். அண்ணன் கூடவே நீந்துவார். நான் படியில் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. "நீ பாத்துக்கோம்மா, மோட்டார் போட்டுட்டு வந்துடறேன்" என்று அண்ணன் மேலே ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் மகள், "அம்மா, கேன் கனமா இருக்கும்மா" என்றாள்.

"சாக்கு சொல்லாத. இன்னும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வா" என்று அதட்டினேன்.

நடுக்கிணற்றில் அவள் தலை உள்ளே போய்விட்டது. கை மட்டும் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. என் அலறல் கேட்டு அண்ணன் மேலேயிருந்தே குதித்து அவளைத் தூக்கினார். கேன் முழுக்கத் தண்ணீர். காலையில் அதைக் கழுவி, மூடியைச் சரியாகத் திருகாமல் கொடுத்தது நான்தான்.

இருமிக்கொண்டே அவள் கேட்டாள்: "நான்தான் சொன்னேனேம்மா?"

இப்போது கேனைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த பிறகே கட்டுகிறோம். அண்ணன் மேலே ஏறினால் அவளும் ஏறிவிட வேண்டும். அவள் "போதும்மா" என்றால், நான் ஏன் என்று கேட்பதில்லை. கையை நீட்டிவிடுகிறேன்.