குருவிக்காகக் காகச் சோறு சுமந்தவர்

இங்கே ஜெர்மனியில், மூத்த பேத்திக்குப் பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. டிரெஸ்டனில் படிக்கும் பேரன் பொறியியல் பரீட்சையில் முதல் தடவையிலேயே சித்தியடைந்துவிட்டான். சின்னவளைப் பல் வைத்தியர் ஒருவர் அவுஸ்பில்டுங்குக்கு, அதுதான் தொழிற்பயிற்சிக்கு, எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் வந்து என் தோளைத் தொட்டாள்.

"மாமி, அப்பா போயிட்டார். நித்திரையிலேயே."

அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் நெஞ்சு பாரமில்லாமல் இருந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யோசேப்பு அண்ணை என் சம்பந்தி; நான் சொன்ன பிள்ளைகளுக்கு அம்மப்பா. மன்னாரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். அவர்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; நாங்கள் சைவம். கலியாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டோம். பிறகு அவரைப் போல என்னைச் சிரிக்க வைத்தவர் ஒருவருமில்லை.

வடகடல் ஓரத்தில் எங்கள் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய அணையொன்று இருக்கிறது. அதை ஓரிடத்தில் வெட்டிக் கடல் தண்ணீரை உள்ளே விட்டார்கள். வெறுந்தரை உப்புச் சதுப்பாகி, விளிம்பெல்லாம் நாணல் முளைத்தது. பறவைகள் வந்து குஞ்சு பொரித்தால் அப்படியே விடுவோம், இல்லாவிட்டால் மூடி லொறித் தரிப்பிடம் ஆக்குவோம் என்றது நகரசபை.

வைத்தியர் நடக்கச் சொன்னதால் அணைக்குப் போன யோசேப்பு அண்ணை, பறவை பார்க்கும் ஜெர்மன்காரரோடு சேர்ந்துகொண்டார். நாணற்குருவிக் கூடுகளைக் கவனிப்பது அவர் பொறுப்பாயிற்று. தலை கறுத்த ஆணும், மண்நிறப் பெண்ணும். கூட்டுக்குக் கிட்டப் போகமாட்டார். தாய்க்குருவி புழுவோடு எங்கே இறங்குகிறது என்று தூரக்கண்ணாடியால் பார்த்து, அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி அடையாளத்துக்கு ஒரு தடி நட்டுவைப்பார்.

"ஒருக்காக் கிட்டப் போய்ப் பாப்பமே, அண்ணை?" என்று கேட்டேன்.

"பிள்ளை பிறந்த துடக்கு வீடு, சம்பந்தி. முப்பத்தொரு நாள் கழியாமல் போகக் கூடாது."

"வேதக்காரருக்கு என்ன துடக்கு?"

"எனக்கில்லை. குருவி உங்கட ஆள், சைவம்."

"வாயில புழுவோட போகுது, அதோ சைவம்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் கூடுகளில் முட்டைகள் காணாமற்போய்க்கொண்டே இருந்தன. நரி என்றார்கள் ஜெர்மன்காரர்கள். ஒரு சனிக்கிழமை அண்ணை உண்மையைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுப் பாக்கியமக்கா சனி விரதக்காரி. காகத்துக்குச் சோறு வைக்காமல் வாயில் பச்சைத் தண்ணீரும் படாது. பல்கனியில் வைக்கக் கூடாதென்று கட்டடக்காரர் தடுத்ததால், அணையோரம் கொண்டுபோய் வைத்திருக்கிறா. அவவைப் பார்த்து மற்றப் பெண்களும் வைத்தார்கள். காகங்கள் அங்கேயே குடியேறிவிட்டன.

அண்ணை சத்தம் போடவில்லை.

"அக்கா, உங்கட காகம் சோத்தைத் திண்டுபோட்டுக் கறிக்கு எங்க போகுது தெரியுமோ?"

அக்கா நாணலைப் பார்த்தா. முகம் கறுத்தது.

"அதுக்காக வைக்காமல் இருக்க ஏலாது. செத்த மாமி பட்டினி கிடப்பா."

"வைக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது? மீன் துறைமுகத்தில வைப்பம். அங்க காகத்துக்குக் குறைவில்லை."

"மீன் நாத்தத்துக்கு மாமி வரமாட்டா!"

"பசிச்சால் வருவா அக்கா. நான் கூட்டிக்கொண்டு வாறன்."

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எல்லார் வீட்டுச் சோற்றையும் வாங்கி, கழுத்தில் சிலுவையோடு பஸ் ஏறித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் வைத்தவர் யோசேப்பு அண்ணைதான். கோயிலிலும் சிரித்தார்கள், தேவாலயத்திலும் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. மெல்ல மெல்லக் காகங்கள் அணையை விட்டன.

இந்த வசந்தம்தான் நகரசபை வைத்த கடைசித் தவணை. முட்டைகள் பொரித்த வேளையில் அவர் வருத்தமாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். பார்க்கப் போனால் தன் வருத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார். "குஞ்சு வெளிக்கிட்டுதோ?" என்பதுதான் கேள்வி. நானும் பாக்கியமக்காவும் அவருடைய தூரக்கண்ணாடியோடு அணையில் போய் இருந்தோம். தப்பித்தவறி ஒரு காகம் வந்தாலும் அக்கா குடையை விரித்துக்கொண்டு ஓடுவா.

ஒரு காலை நாணல் தண்டில் வால் முளைக்காத மூன்று குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தன. ஜெர்மன்காரரும் வந்து பார்த்தார்கள். பிறகு நகரசபையும் வெட்டிய இடத்தை மூடுவதில்லை என்று அறிவித்தது. ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னோம்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் அண்ணை, ரண்டு பேரும் பாத்தம். மூண்டு."

கண்ணை மூடித் திறந்தார். "அப்ப லொறி வராது," என்றார். கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் கிழமைக்குள் போய்விட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

போயிட்டு வாங்கோ, அண்ணை. இனி நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

பேரப்பிள்ளைகளே, அம்மப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும்போது மூன்று பேரும் அணையில் நின்று புதுப் படமொன்று எடுத்து, திரும்பிப் போனதும் எனக்குத் தபாலில் போடுங்கோ. முகம் கொஞ்சம் சின்னதாக விழுந்தாலும் பரவாயில்லை. பின்னால் அம்மப்பா காத்த தண்ணீர் தெரிய வேண்டும்.